ஏறினால் கழித்தல், இறங்கினால் கூட்டல்: புவியீர்ப்பின் வேலைக்குக் குறி போடுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: அறிவியல் பக்கம்

பதினொன்றாம் வகுப்பில் ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ பாடம் தொடங்கிவிட்டது என்பது தபால் பையைப் பார்த்தாலே தெரிகிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கடம்தான்: புவியீர்ப்பு செய்யும் வேலைக்கு எப்போது கழித்தல் குறி, எப்போது கூட்டல் குறி? மாணவர்கள் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கே: ஐயா, 2 கிலோ கல்லை 5 மீட்டர் உயரத்துக்கு மேலே எறிந்தால் புவியீர்ப்பு செய்யும் வேலை எவ்வளவு என்று பரீட்சையில் வந்தது. மேல்நோக்கிய திசைக்கு நேர்க்குறி என்று எடுத்து, விசை −19.6 நியூட்டன், கோணம் 180 டிகிரி என்று போட்டேன். +98 ஜூல் வந்தது. தப்பு என்று அடித்துவிட்டார்கள். என் தோழி கீழ்நோக்கிய திசைக்கு நேர்க்குறி கொடுத்து −98 எழுதினாள். அவளுக்கு முழு மதிப்பெண். திசையை மாற்றினால் விடையும் மாறுமா?
– பிளஸ் ஒன் மாணவி, காரைக்குடி

ப: மாறாது. திசையை எப்படி எடுத்தாலும் −98 ஜூல்தான் வரவேண்டும். நீங்கள் எடுத்த திசையில் தவறில்லை. ஒரே கழித்தல் குறியை இரண்டு முறை போட்டதுதான் சிக்கல்.

வேலையைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விசையின் அளவு × இடப்பெயர்ச்சியின் அளவு × இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன். இங்கே விசையும் இடப்பெயர்ச்சியும் வெறும் அளவுகள். அவற்றுக்குக் குறியே கிடையாது. கல்லின் எடை 2 × 9.8 = 19.6 நியூட்டன் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). ஆகவே 19.6 × 5 × கொசைன் 180. கொசைன் 180 என்பது −1. விடை −98. குறி முழுவதும் கொசைனுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது வழி, ஒரு அச்சைத் தேர்ந்தெடுத்து, குறியோடு சேர்த்துப் பெருக்குவது. மேல்நோக்கி நேர்க்குறி என்றால் விசை −19.6, இடப்பெயர்ச்சி +5, பெருக்கினால் −98. உங்கள் தோழியின் கணக்கில் விசை +19.6, இடப்பெயர்ச்சி −5, அதுவும் −98. அச்சைத் தலைகீழாக்கினால் இரண்டு குறிகளும் சேர்ந்தே மாறும், ஆகவே பெருக்குத்தொகை அசையாது. இந்த வழியில் கொசைனுக்கு வேலையில்லை.

நீங்கள் செய்தது: இரண்டாவது வழியிலிருந்து −19.6, முதல் வழியிலிருந்து −1. கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டலாகிவிட்டது. நீட் பயிற்சித் தாள்களிலும் இதே தவறு நிறையக் கண்ணில் படுகிறது. ஒரு கணக்கில் ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே கல் திரும்பிக் கைக்கு வரும்போது புவியீர்ப்பு +98 ஜூல் வேலை செய்கிறது. போய்வந்த கணக்கு பூஜ்யம். கை தவறி 12 மீட்டர் ஆழக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால்? உச்சியிலிருந்து 17 மீட்டர் இறங்குகிறது: 19.6 × 17 = +333.2. ஏறியபோது −98. மொத்தம் +235.2 ஜூல். நேரடியாகக் கையிலிருந்து கிணற்றடி வரை 12 மீட்டர் என்று எடுத்து 19.6 × 12 போட்டாலும் அதே 235.2. இடையில் எவ்வளவு உயரம் போய்வந்தது என்பது கணக்கில் வராது. தொடங்கிய உயரமும் முடிந்த உயரமும் போதும். புவியீர்ப்பை ‘ஆற்றல் மாற்றா விசை’ என்று பாடநூல் சொல்வது இதனால்தான்.

கே: எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுக் கிணற்றில் ராட்டினம் உண்டு. கயிற்றை நான் கீழ்நோக்கித்தான் இழுக்கிறேன். பூமியும் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. இருவரும் ஒரே பக்கம் இழுக்கும்போது என் வேலைக்குக் கூட்டல், பூமியின் வேலைக்குக் கழித்தல் என்று பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். அது எப்படி?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ப: பேத்தி எழுதியது சரிதான், ஆச்சி. ஆனால் நீங்கள் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் நடு முடிச்சு. குறி போடுவதற்கு விசைகள் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு விசையையும், அது பிடித்திருக்கும் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதோடு தனித்தனியாக ஒப்பிட வேண்டும்.

உங்கள் கை பிடித்திருப்பது கயிற்றின் இந்த முனையை. அது கீழே வருகிறது, நீங்களும் கீழே இழுக்கிறீர்கள், நேர்க்குறி. பூமி இழுத்துக்கொண்டிருப்பது வாளியை. வாளி மேலே ஏறுகிறது, பூமி கீழே இழுக்கிறது, எதிர்க்குறி. ராட்டினம் செய்வது கயிற்றின் திசையைத் திருப்புவது மட்டுமே. உராய்வை விட்டுவிட்டால் அது வேலையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

எண்களோடு பார்ப்போம். 1 கிலோ வாளி, 10 லிட்டர் (10 கிலோ) தண்ணீர், 12 மீட்டர் ஆழம். ஏற்றும்போது புவியீர்ப்பு செய்யும் வேலை 11 × 9.8 × 12, கழித்தல் குறியோடு −1293.6 ஜூல். கயிற்றை மறந்துவிடக் கூடாது. மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கயிறு என்றால் 12 மீட்டருக்கு 1.2 கிலோ. ஆனால் கயிறு முழுவதும் 12 மீட்டர் ஏறுவதில்லை. மேல்நுனி ஏறவே இல்லை, கீழ்நுனி 12 மீட்டர் ஏறுகிறது, சராசரி 6. ஆகவே 1.2 × 9.8 × 6 = 70.56; அதற்கும் கழித்தல் குறி. முழு 12 மீட்டர் போட்டு இரட்டிப்பாக்குவதுதான் பலரும் செய்வது.

காலி வாளியை இறக்கும்போது வாளிக்கு +117.6, கயிற்றுக்கு +70.56. ஏற்றி இறக்கிய இரண்டையும் கூட்டுங்கள்: கயிறு ஒன்றுமில்லாமல் போகிறது, வாளியும் அப்படியே. மிஞ்சுவது −1176 ஜூல். அது சரியாகப் பத்து கிலோ தண்ணீருக்கு உரியது, 10 × 9.8 × 12. மேலேயே தங்கிவிட்டது தண்ணீர் மட்டும்தானே.

கே: தேங்காய் விழும் கணக்கில் புவியீர்ப்பின் வேலையையும் எழுதி, நிலை ஆற்றல் குறைவையும் எழுதினேன். வேகம் மிக அதிகமாக வருகிறது. எதை விட வேண்டும்?
– பிளஸ் ஒன் மாணவர், தேவகோட்டை

ப: ஏதாவது ஒன்றை. இரண்டும் ஒரே தொகை.

1.5 கிலோ தேங்காய் 10 மீட்டர் விழுகிறது. புவியீர்ப்பின் வேலை +147 ஜூல். இயக்க ஆற்றல் 147 ஜூல் ஆனால் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். நீங்கள் ‘புவியீர்ப்பு 147 கொடுத்தது, நிலை ஆற்றலிலிருந்து 147 வந்தது’ என்று 294 எழுதியிருப்பீர்கள், வேகம் 19.8 என்று வந்திருக்கும்.

செட்டிநாட்டில் பேரேடு பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. ஒரே தொகை ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. அதை இரண்டு வரவாக எழுத முடியாது. புவியீர்ப்பின் வேலை +147 என்றால் நிலை ஆற்றலின் மாற்றம் −147. ஏறும்போது வேலை கழித்தல், நிலை ஆற்றல் மாற்றம் கூட்டல். இரண்டும் எப்போதும் எதிர்க்குறி.

ஆகவே தாளில் முதல் வரியிலேயே முடிவு செய்யுங்கள். வேலை–இயக்க ஆற்றல் தேற்றத்தைப் பயன்படுத்தினால் எல்லா விசைகளின் வேலையும், புவியீர்ப்பு உட்பட, இடப்பக்கம். நிலை ஆற்றல் என்ற சொல்லே அந்தக் கணக்கில் வரக் கூடாது. ஆற்றல் அழிவின்மையைப் பயன்படுத்தினால் நிலை ஆற்றல் வரும். புவியீர்ப்பின் வேலை வரக் கூடாது. ‘எம்ஜிஎச்’ (நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்) என்று மனப்பாடமாக எழுதும்போது அது வேலையா, நிலை ஆற்றலா என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

கே: அரிசி மில்லில் மூட்டை ஏற்ற லாரிக்குப் பலகை சாய்த்து வைக்கிறோம். பலகையில் ஏற்றுவது சுலபமாக இருக்கிறது. அப்படியானால் புவியீர்ப்பின் கழித்தல் வேலையும் குறைகிறதா?
– ஒரு வாசகர், புதுவயல்

ப: குறைவதில்லை. 60 கிலோ மூட்டை, லாரித் தளம் 1.2 மீட்டர் உயரம். நேராகத் தூக்கினாலும் பலகை வழியாகத் தள்ளினாலும் புவியீர்ப்பின் வேலை −705.6 ஜூல். குறைவது விசை. நேராகத் தூக்க 588 நியூட்டன் வேண்டும். 3 மீட்டர் பலகையில் உராய்வு இல்லையென்று வைத்தால் 235.2 நியூட்டன் போதும். ஆனால் அந்த விசையை 1.2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் தூரம் கொடுக்க வேண்டும். உண்மையில் சாக்கு பலகையில் உராய்வதால் உங்கள் வேலை 705.6-ஐவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தும் பலகை வைப்பது சரி. இடுப்பு தாங்க வேண்டியது விசையை அல்லவா!

மாணவர்களுக்கு இதே கணக்கில் ஒரு குழி இருக்கிறது. பலகை தரையோடு செய்யும் கோணம் சுமார் 23.6 டிகிரி. அதை அப்படியே எடுத்து கொசைன் 23.6 என்று போடுவார்கள். வேண்டியது எடைக்கும் நகர்வுக்கும் இடையிலுள்ள கோணம். எடை நேர்கீழாக இருக்கிறது. ஏறும்போது அந்தக் கோணம் 90 + 23.6 = 113.6, இறக்கும்போது 90 − 23.6 = 66.4. கொசைன் 113.6 என்பது −0.4. 588 × 3 × (−0.4) = −705.6. கோணம் 90-ஐத் தாண்டினால் கழித்தல், தாண்டாவிட்டால் கூட்டல், சரியாக 90 என்றால் பூஜ்யம். படம் வரையும்போது இரண்டு அம்புகளின் வால்களையும் ஒரே புள்ளியில் வைத்தால் கோணம் தவறாது.

கே: சுமையோடு சமதளத்தில் நடந்தால் புவியீர்ப்பின் வேலை பூஜ்யம் என்கிறார்கள். காவடி எடுத்துச் செட்டிநாட்டிலிருந்து பழனி வரை நடப்பவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், கண்டனூர்

ப: சொல்லலாம், ஒரு திருத்தத்தோடு. சமதளத்தில் எடை நேர்கீழாக, நகர்வு கிடைமட்டமாக. கோணம் 90, வேலை பூஜ்யம். ஆனால் அந்தப் பாதை மொத்தத்தில் சமதளம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் பழனி ஊர் காரைக்குடியைவிட 200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. கணக்குக்கு 200 என்றே வைப்போம். ஆளும் காவடியுமாக 65 கிலோ என்றால் புவியீர்ப்பின் வேலை −1,27,400 ஜூல். மலையேறுவது இதில் சேராது.

பெரிய எண் போலத் தெரிகிறது. உணவுக் கணக்கில் சுமார் 30 கிலோ கலோரிதான். அப்படியென்றால் அத்தனை களைப்பு எங்கிருந்து? தசையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கவே உடல் ஆற்றல் செலவிடுகிறது, பொருள் நகராவிட்டாலும்கூட. ஒவ்வோர் அடியிலும் உடல் சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது கழித்தல், இறங்கும்போது கூட்டல், புவியீர்ப்பின் ஏட்டில் அது சரியாகிவிடும். உடலோ இறங்கும்போது கிடைத்ததைச் சேமித்து வைத்து முழுவதும் திருப்பி எடுக்க முடியாது, பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. புவியீர்ப்பின் வேலை பூஜ்யம் என்பது புவியீர்ப்பைப் பற்றிய வாக்கியம். நடப்பவரின் களைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கே: வளவில் ஊஞ்சல் ஒரே பக்கமாக வலமிருந்து இடம் போகும்போது புவியீர்ப்பின் வேலைக்கு என்ன குறி?
– பிளஸ் ஒன் மாணவி, பள்ளத்தூர்

ப: முதல் பாதிக்குக் கூட்டல், இரண்டாம் பாதிக்குக் கழித்தல். வலம் இடம் என்பது பொருட்டே அல்ல. 2.5 மீட்டர் சங்கிலி, செங்குத்திலிருந்து 37 டிகிரி இழுத்து விட்டால் பலகை சுமார் அரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும். 30 கிலோ குழந்தைக்கு +147 ஜூல், அடியில் வேகம் வினாடிக்கு சுமார் 3.1 மீட்டர். பிறகு மறுபக்கம் ஏறும்போது −147. சரியாக அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் நகர்வு கிடைமட்டம். அந்தக் கணத்தில் புவியீர்ப்பு வேலை செய்யும் வீதம் பூஜ்யம். விசை பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். சங்கிலியின் இழுவிசை எப்போதும் நகர்வுக்குச் செங்குத்து, அதனால் அதன் வேலை தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்யம்.

கே: மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் ஏற்றுவதற்குப் புவியீர்ப்பை எதிர்க்க எத்தனை யூனிட் மின்சாரம்?
– ஒரு வாசகர், கோட்டையூர்

ப: தரைத்தொட்டியிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் புவியீர்ப்பின் வேலை −98,000 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், ஆகவே 0.027 யூனிட். ஆழ்துளைக் கிணறு என்றால் கதை வேறு. தண்ணீர் மட்டம் 60 மீட்டர் கீழே இருந்தால் மொத்த ஏற்றம் 70 மீட்டர். −6,86,000 ஜூல், 0.19 யூனிட். மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கே பயன் தருவதாக வைத்தால் மீட்டரில் ஓடுவது 0.57 யூனிட்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் தவறு நேரும். மோட்டார் தொங்கும் ஆழத்திலிருந்து அல்ல. மோட்டார் ஓடும்போது குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து. மோட்டார் 90 மீட்டரில் தொங்கினாலும், மட்டம் 60-ல் இருந்தால் அந்தக் கீழ் 30 மீட்டருக்குச் சுற்றியுள்ள தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. ஓடத் தொடங்கியதும் மட்டம் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: இதை வகுப்பில் செய்து காட்ட எளிய சோதனை உண்டா? செய்து பார்த்தால் உராய்வு எல்லாவற்றையும் கெடுக்கிறது.
– ஓர் ஆசிரியை, திருப்பத்தூர்

ப: உராய்வை ஒழிக்க முயலாதீர்கள், அதையும் அளந்துவிடுங்கள். 1 மீட்டர் பலகை, ஒரு முனை 30 சென்டிமீட்டர் உயர்த்தி. எடைகளோடு சேர்த்துச் சரியாக 1 கிலோ வரும் சிறு வண்டி. 5 நியூட்டன் வரை காட்டும் வில்தராசு. 50 நியூட்டன் தராசில் சின்ன வித்தியாசங்கள் தெரியாது.

வண்டியைப் பலகைக்கு இணையாக, ஒரே சீரான வேகத்தில் மேலே இழுத்து, நகரும்போது அளவைப் படியுங்கள். பிறகு அதே தராசால் பிடித்தபடியே சீராகக் கீழே இறக்கிப் படியுங்கள். ஏறும்போது 3.3, இறங்கும்போது 2.6 என்று வந்தால், இரண்டின் சராசரி 2.95 நியூட்டன் எடையின் சரிவுப் பகுதி. கணக்கின்படி வரவேண்டியது 2.94. வித்தியாசத்தில் பாதி, 0.35, உராய்வு.

இப்போது கரும்பலகையில் எழுதுங்கள். ஏற்றம்: கை +3.3, புவியீர்ப்பு −2.95, உராய்வு −0.35 ஜூல். இறக்கம்: கை −2.6, புவியீர்ப்பு +2.95, உராய்வு −0.35. வேகம் மாறாததால் இரண்டு வரிசையும் பூஜ்யம். போய்வந்ததைச் சேர்த்தால் புவியீர்ப்பு பூஜ்யம், உராய்வு −0.7, கை +0.7. ஆற்றல் மாற்றா விசைக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை பள்ளி ஆய்வகத்தில் குறைவு. இறக்கும்போது கையின் வேலைக்குக் கழித்தல் குறி வருவதை மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்.

கெடுப்பவை மூன்று. தராசைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பூஜ்யம் சரிசெய்துவிட்டுச் சாய்வில் பயன்படுத்தினால், கொக்கியின் எடை முழுதாக இழுக்காததால் அளவு குறைந்து காட்டும். பலகையின் சாய்விலேயே வைத்துப் பூஜ்யம் சரிசெய்யுங்கள். வண்டி கிளம்பும் கணத்தில் படித்தால் நிலை உராய்வு சேர்ந்து அதிகமாக வரும். பலகை நடுவில் தொய்ந்தால் சாய்வு இடத்துக்கு இடம் மாறும். அடியில் ஒரு செங்கல் கொடுங்கள்.

கே: செயற்கைக்கோளுக்கு மேல், கீழ் ஏது? அங்கே குறி எப்படி?
– பிளஸ் டூ மாணவர், காரைக்குடி

ப: ‘கீழ்’ என்பதற்குப் பூமியின் மையத்தை நோக்கி என்று பொருள் கொள்ளுங்கள். மையத்தைவிட்டு விலகினால் கழித்தல், நெருங்கினால் கூட்டல், அதே தூரத்தில் சுற்றினால் பூஜ்யம். வட்டப் பாதையில் வேகம் மாறாமலிருப்பது இதனால்.

2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3 முதலில் நுழைந்தது சுமார் 170 கிலோமீட்டர் முதல் 36,500 கிலோமீட்டர் உயரம் வரையிலான நீள்வட்டப் பாதை. அந்தத் தூரங்களை வைத்துக் கணக்குப் போட்டால் அருகில் வினாடிக்கு சுமார் 10.3 கிலோமீட்டர் வேகம், தொலைவில் சுமார் 1.6. எஞ்சின் ஓடாத நேரத்திலும் இவ்வளவு ஏற்ற இறக்கம்; முழுவதும் புவியீர்ப்பு செய்த கழித்தல், கூட்டல் வேலை. ஆனால் இங்கே எம்ஜிஎச் உதவாது. உயரம் கூடக்கூட விசையே குறைகிறது. விமானம் பறக்கும் 10 கிலோமீட்டருக்கு அதில் பிழை 0.16 சதவீதம்தான், 36,500 கிலோமீட்டருக்கு எம்ஜிஎச் போட்டால் உண்மையைப்போல ஆறேழு மடங்கு வரும். குறி அப்போதும் சரியாகத்தான் வரும், அளவுதான் கெடும்.

கே: லிஃப்ட் மேலே போய் நிற்கப்போகும்போது வேகம் குறைகிறது. அப்போது குறி மாறுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

ப: மாறாது. ஏறிக்கொண்டிருக்கும்வரை கழித்தல். முடுக்கத்தின் திசைக்கும் இந்தக் குறிக்கும் தொடர்பில்லை.

கே: திருவிழாவில் விற்கும் கேஸ் பலூன் தானாக ஏறுகிறதே, அதற்கும் கழித்தலா?
– எட்டாம் வகுப்பு மாணவன், குன்றக்குடி

ப: ஆமாம், தம்பி. பலூனுக்கும் எடை உண்டு. அது ஏறும்போது புவியீர்ப்பு அதன்மீது செய்வது எதிர்க்குறி வேலைதான். சுற்றியுள்ள காற்று தரும் மிதப்பு விசை அதைவிட அதிகமாக நேர்க்குறி வேலை செய்வதால் பலூன் போகிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். பலூன் ஒரு படி மேலே போகும்போது, அது விட்ட இடத்துக்கு அதே கனஅளவு காற்று மேலிருந்து இறங்கி வருகிறது. அந்தக் காற்று பலூனைவிடக் கனம். அதன்மீது புவியீர்ப்பு செய்வது கூட்டல் வேலை, பலூன்மீது செய்வது கழித்தல் வேலை. இரண்டையும் சேர்த்தால் மீதி கூட்டல்.